வியாகுலப் பிரசங்கமும் நாங்களும்

பெரிய வெள்ளி என்றதும் எங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது வியாகுலப் பிரசங்கத்தின் இராகந்தான். அதை ஆக்கியவர் 1705இல் இலங்கைக்கு வந்து, 1742இல் இங்கேயே மறைந்த கோவாக் குருவானவர் யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமிகள். ஒல்லாந்தர் கத்தோலிக்க சமயத்தைத் தடைசெய்திருந்த காலம் அது. குருமார் சிலரே இருந்தனர். குரு எட்டாத ஊர்களிலும் மூப்பரும் சனங்களும் ஆண்டவரின் பாடுகளை இராகமிழுத்து வாசித்தார்கள்.

சடங்குகள் பிறகு மாறின. சனி காலையில் நடந்த பாஸ்குத் திருவிழிப்பு 1956இல் இரவுக்குப் போனது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பின் இலத்தீன் பூசை தமிழானது. பிரசங்கமோ அதற்கு இருநூறு ஆண்டுகள் முந்தியே தமிழில் இருந்தது!

தொண்ணூறுகளில் மின்சாரமில்லை. ஜாம்போத்தல் விளக்கைச் சுற்றியிருந்து விடுதியில் பழகினோம். சைவப் பிள்ளைகளுக்குத்தான் இராகம் விரைவில் பிடிபட்டது, தேவாரப் பழக்கமாக்கும். 1996 பெரிய வெள்ளியன்று இடம்பெயர்ந்து தென்மராட்சியில் இருந்தோம். புத்தகம் வீட்டோடு போய்விட்டது. இரண்டு அக்காமார் மனப்பாடமாகத் தொடங்கினார்கள். அவர்கள் விட்ட வரிகளைப் பின்னாலிருந்த கிழவிகள் எடுத்துக் கொடுத்தார்கள். அன்று ஒரு பிரசங்கந்தான் முடிந்தது.

இன்று எங்களுள் முழுவதும் பாடத் தெரிந்தவர் மிகச் சிலர். போன தவக்காலத்தில் ஒருத்தி தன் அம்மாவைப் பாடச் சொல்லிக் கைத்தொலைபேசியில் பதிந்து, கனடாவிலிருந்து எல்லாருக்கும் அனுப்பினாள். நடுவில் அம்மா இருமுகிறார். வைத்தியர்களான நாங்கள் உடனே மருந்தை விசாரித்தோம். “அதை விடுங்கோ, இராகம் சரியோ?” என்று கேட்டார் அம்மா.