காலும் அச்சும்

தேரின் சிறப்பு அதன் கொடிஞ்சியிலும் கொடியிலும் உள்ளது என்று காண்பவர் கருதலாம். தச்சன் அவ்வாறு கருதான். புறநானூற்றில் ஔவையார், அதியமான் நெடுமான் அஞ்சியின் ஆற்றலைப் பகைவர்க்கு உரைக்குமிடத்து ஒரு தச்சனைக் காட்டுகிறார். ஒரே நாளில் எட்டுத் தேர்களைச் செய்யவல்லவன் அவன். அத்தகையவன் ஒரு திங்கள் முழுவதும் முயன்று ஒரு தேர்க்காலை மட்டும் செய்தால், அஃது எத்துணைத் திருத்தமும் உறுதியும் உடையதாய் இருக்கும்! அதியமான் அந்தக் காலை ஒப்பான் என்பது பாட்டின் கருத்து. சக்கரத்தைக் ‘கால்’ என வழங்கிய அந்நாளிலேயே, வண்டியின் உயிர்நிலை அதுவே என்பதைத் தமிழர் உணர்ந்திருந்தனர்.

இன்று ஸ்ரீ கெம்பாங்கான் முதலிய கிள்ளான் பள்ளத்தாக்கு ஊர்களில், காரோடு வந்த சக்கரத்தைக் கழற்றிவிட்டு ‘ஸ்போர்ட் ரிம்’ மாட்டிக்கொள்ளும் வழக்கம் இளைஞரிடையே மிகுந்துள்ளது. மாதக்கணக்கில் சேர்த்த பணம் அதில் செலவாகிறது. கண்ணைக் கவரும் கால், வண்டியின் அச்சுக்குப் பொருந்துமா என்று கேட்போர் சிலரே. இக்கேள்வி புதியதன்று, இதற்கு ஒரு நெடிய வரலாறு உண்டு.

உப்பு வண்டி

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பெரும்பாணாற்றுப்படையில் உப்பு வணிகரின் வண்டியை வருணிக்கிறார். சூட்டினுள் திருத்தமாகப் பொருந்திய ஆர்களையும், முழவைப் போன்ற உருளியையும் அவர் தனித்தனியே சுட்டுகிறார். ஔவையாரோ அவ்வணிகர் வண்டியின் அடியில் கட்டிச் செல்லும் சேம அச்சைக் கண்டு, அதியமான் மகன் பொகுட்டெழினிக்கு அதனை உவமையாக்கினார். மேட்டில் ஏறுமோ பள்ளத்தில் இறங்குமோ என்று அறியாத வழியில், முறியக்கூடியது அச்சு என்பதை அவ்வணிகர் அறிந்திருந்தனர். வினைத்திட்பம் கூறும் வள்ளுவரும் பெருந்தேருக்கு ஆதாரமாகச் சிற்றாணியையே காட்டினார்.

பிற்கால மாட்டுவண்டித் தச்சரும் கொல்லரும் இவ்வறிவைக் கைத்தொழிலாகக் காத்தனர். குடத்தில் ஆரக்கால்களை இறுக்கி, வட்டையைச் சேர்த்தபின், சக்கரத்தின் சுற்றளவைவிடச் சற்றே குறைந்த இரும்புப் பட்டையை நெருப்பில் காய்ச்சுவர். விரிந்த பட்டையைச் சக்கரத்தில் ஏற்றி நீர் ஊற்றினால், அது சுருங்கி மரத்தைக் கவ்விக்கொள்ளும். பட்டை பெரிதானால் கழலும். மிகச் சிறிதானால் ஆரக்கால் நெரியும். பொருத்தம் என்பது மயிரிழை அளவில் நிற்பது.

செங்கல்லும் இருப்புப் பாதையும்

1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்தன. அதன்பின் சிலாங்கூர் ரெசிடெண்டாக இருந்த பிராங்க் சுவெட்டன்ஹாம், நகரைச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டப் பணித்தார். சூளைகள் நிறைந்த பகுதி பிரிக்பீல்ட்ஸ் எனப் பெயர் பெற்றது. 1886இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு அருகேயுள்ள புக்கிட் கூடா வரை இரயில் ஓடத் தொடங்கியது. தமிழகத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்தோர் பலர் அவ்விரயில்வேயில் பணிபுரிந்து பிரிக்பீல்ட்ஸில் வாழ்ந்தனர்.

அப்பாதையின் இரு தண்டவாளங்களுக்கும் இடைவெளி ஒரு மீட்டர். இரயில் சக்கரங்கள் இரண்டும் ஒரே அச்சில் இறுக அழுத்தப்பட்டவை. அவற்றின் இடைத்தூரம் மாறினால் வண்டி தடம்புரளும். மாட்டுவண்டியின் கால் சிறிது விலகினாலும் பாதை பொறுத்துக்கொண்டது. இருப்புப் பாதை அதனைப் பொறுக்கவில்லை.

பால்மரம் தந்த டயர்

காற்றடைத்த டயருக்கு 1845இல் இராபர்ட் தாம்சன் உரிமம் பெற்றார். எனினும் 1888இல் ஜான் பாய்டு டன்லப் அதனை மிதிவண்டிக்குக் கண்ட பின்னரே அது பரவியது. 1895இல் மிஷ்லின் சகோதரர் மோட்டார் வண்டிக்கும் அதனைப் பூட்டிப் பந்தயத்தில் ஓட்டினர். 1877இல் கன்றாக வந்த பால்மரம் மலாயா எங்கும் பரவுதற்கு இத்தேவையே காரணம். உலகின் சக்கரங்களுக்குத் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் விடியலில் வெட்டிய பால் மெத்தையாயிற்று.

1924இல் புகாட்டி 35 என்னும் பந்தயக் கார் அலுமினிய வார்ப்புச் சக்கரத்தோடு வந்தது. இன்றைய ஸ்போர்ட் ரிம்முக்கு அதுவே முன்னோடி. அங்கு நோக்கம் எடைக் குறைப்பு. அழகு அதனைத் தொடர்ந்து வந்தது.

ஐந்து துளையும் ஒன்றல்ல

காரின் சக்கரத்தைக் குடத்தோடு பிணைப்பவை போல்ட்டுகள். அவற்றின் நடுப்புள்ளிகள் வழியே வரையும் வட்டத்தின் விட்டமே முதல் அளவு. 100 மில்லிமீட்டர் வட்டமும் 114.3 மில்லிமீட்டர் வட்டமும் பரவலாக வழங்குவன. பின்னது நாலரை அங்குலம். மெட்ரிக் முறை வந்தபின்னும் பழைய அங்குலம் அதில் மறைந்து வாழ்கிறது. சுபாரு இம்பிரெசா வகையிலேயே ஐந்து துளை 100 அளவும், ஐந்து துளை 114.3 அளவும் உண்டு. துளையை எண்ணி வாங்குவோர் ஏமாறுவது இதனால்தான்.

இரண்டாவது நடுத்துளை. சுபாரு கார்கள் பலவற்றில் அது 56.1 மில்லிமீட்டர்; கடைச் சக்கரங்கள் பலவற்றில் 73.1. இடைவெளியை வளையமிட்டு நிரப்பாவிடில் சக்கரம் நடுவில் அமராது அதிரக்கூடும். மூன்றாவது உட்சாய்வளவு: சக்கர அகலத்தின் மையத்திலிருந்து குடத்தில் படியும் முகம் எவ்வளவு விலகியுள்ளது என்பது. 48க்குப் பதில் 35 அளவுள்ள சக்கரத்தைப் பூட்டினால், அது 13 மில்லிமீட்டர் வெளியே தள்ளும். பேரிங்குக்குச் சுமை கூடும். நான்காவது நட்டின் இருக்கை. கூம்பு வடிவ நட்டு, உருண்டை இருக்கையில் சரிவரப் படியாது, ஓட்டத்தில் தளரும்.

நான்கு காலும் இழுக்கும் கார்

1903இல் ஆலந்து நாட்டு ஸ்பைக்கர் நிறுவனம் நான்கு சக்கரமும் இழுக்கும் காரைச் செய்தது. 1972இல் சுபாரு லியோனும், 1980இல் ஆடி குவாட்ரோவும் அம்முறையைச் சாலைக் கார்களில் பரப்பின. மலேசியாவில் 1998இல் பெரோடுவாவின் கெம்பாரா அவ்வகையில் வந்தது. இக்கார்களில் பொருத்தத்தின் பொருள் விரிகிறது. சக்கரம் தன் அச்சுக்கு மட்டுமன்றி, மற்ற மூன்று சக்கரங்களுக்கும் ஒத்திருத்தல் வேண்டும்.

ஒரு கணக்கு இதனை விளக்கும். 205/55, 16 அங்குல டயரின் விட்டம் ஏறத்தாழ 632 மில்லிமீட்டர். ஒரு கிலோமீட்டரில் அது 504 முறை சுழலும். 5 மில்லிமீட்டர் தேய்ந்த அதே டயர் 512 முறை சுழலும். முன்னே புதியதும் பின்னே தேய்ந்ததும் பூட்டி 40 கிலோமீட்டர் ஓடினால், வேறுபாடு 320 சுற்று. வளைவில் மட்டும் வேலை செய்யவேண்டிய நடு இணைப்பு, நேர்ச்சாலையிலும் ஓயாது உழைத்துச் சூடேறிப் பழுதாகும். எனவேதான் சுபாரு, நான்கு டயர்களின் சுற்றளவு கால் அங்குலத்துக்குமேல் வேறுபடலாகாது என்கிறது.

பெரிய ரிம் வேண்டுவோர்க்கும் இக்கணக்கே வழிகாட்டி. 17 அங்குலத்துக்கு மாறும்போது 205/50 டயர் கொண்டால் விட்டம் 637. வேறுபாடு நூற்றுக்கு ஒன்றினும் குறைவு. 205/55 டயரையே கொண்டால் 657. நான்கு சக்கரமும் ஒத்திருந்தாலும் வேகமானி குறைத்துக் காட்டும், டயர் உள்விளிம்பில் உரசவும் கூடும்.

முடிவுரை

1948இல் தொடங்கிய அவசரகாலத்தின்போது, பிரிக்ஸ் திட்டத்தின்படி முள்வேலிக்குள் அமைந்த புதுக்கிராமங்களுள் ஸ்ரீ கெம்பாங்கானும் ஒன்று. பால்மரமும் ஈயச் சுரங்கமும் சூழ்ந்திருந்த அவ்வூர் இன்று கார்கள் நெருங்கும் நகரம். அங்கு ஒரு சக்கரத்தைக் கையில் எடுப்பவர், அதன் முகப்பை நோக்குமுன் பின்புறத்தைத் திருப்பிப் பார்ப்பாராக. 17×7ஜே, 5×114.3, ஈடி 48 என்பன போன்ற எழுத்துகள் அங்குப் பொறிக்கப்பட்டிருக்கும். கல்வெட்டைப் படிக்கும் பொறுமையோடு அவற்றைப் படித்து, காரின் கையேட்டோடு ஒப்பிட்டபின் பணம் எண்ணுதல் நன்று. பூட்டிய சக்கரத்தின் நட்டுகளை, சிறிது தூரம் ஓடியபின் மீண்டும் ஒருமுறை முறுக்கிப் பார்த்தலும் வேண்டும்.

எட்டுத் தேர் செய்யும் கைக்கு ஒரு காலுக்காக ஒரு திங்கள் தேவைப்பட்டது. அக்காலை நம்பித் தேரில் ஏறுபவன் ஒருவன் உண்டு என்பதை அத்தச்சன் மறக்கவில்லை. அரை மணி நேரத்தில் சக்கரம் மாற்றும் இக்காலத்திலும் ஏறுபவர் உயிர் அதே உயிர்தான்.