ஜப்தி என்னும் சொல்

'ஜப்தி' அரபு வேரிலிருந்து வந்த சொல். கைப்பற்றுதல், கட்டுக்குள் வைத்தல் என இரு பொருளும் அவ்வேருக்கு உண்டு. இரண்டாவது பொருளை நாம் மறந்துவிட்டோம்.

நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல், கடத்தல்காரர் சொத்துப் பறிமுதல் சட்டம் பிறந்தது. உறவினர், கூட்டாளிகள் பெயரிலுள்ள சொத்தும் அதில் அடங்கும். நேர்வழியில் ஈட்டியதென மெய்ப்பிக்கும் பொறுப்பு உடையவரையே சாரும். உச்ச நீதிமன்றம் 1994இல்தான் அச்சட்டம் செல்லுமென உறுதிசெய்தது.

பறித்தபின் விற்பது அதனினும் கடினம். தாவூத் இப்ராகிமின் மும்பைச் சொத்துகள் 2000இல் ஏலத்திற்கு வந்தபோது, அச்சத்தால் கேட்பாரில்லை. 2017இல் மூன்று சொத்துகள் 11 கோடி ரூபாய்க்கு மேல் விலைபோயின.

இத்தாலியோ, 1996ஆம் ஆண்டுச் சட்டத்தால் மாஃபியாவின் நிலங்களையும் வீடுகளையும் உள்ளாட்சிகள், கூட்டுறவுகள் வழியே பொதுப்பயனுக்குத் திருப்பியது. நம் 1976 சட்டம், சொத்து மத்திய அரசைச் சேரும் என்பதோடு நின்றது. பாதிக்கப்பட்ட ஊருக்கு என்ன கிடைக்கும் என்று அது சொல்லவில்லை.