பிளிமத் அடுப்படி

வட அமெரிக்காவில் ஆங்கிலேயர் அமைத்த பிளிமத் குடியேற்றம் என்றாலே ஒப்பந்தத்தையும் ஆளுநர்களையும் பேசுவார்கள். எனக்கு அந்த வீடுகளின் அடுப்படிதான் முக்கியம். 1620இல் மேஃபிளவர் கப்பலில் 102 பேர் வந்தார்கள். முதல் குளிர்காலத்திலேயே ஏறத்தாழப் பாதிப் பேர் மாண்டார்கள். கணவரோடு வந்த 18 பெண்களில் அடுத்த இலையுதிர்காலம்வரை பிழைத்தவர்கள் நால்வரே.

அந்த நால்வரில் ஒருவர் சூசன்னா வைட். கரையோரம் நின்ற கப்பலிலேயே மகன் பெரெக்ரினைப் பெற்றார். 1621 பிப்ரவரியில் கணவரை இழந்தார். மே மாதமே, மனைவியை இழந்திருந்த எட்வர்ட் வின்ஸ்லோவை மணந்தார். அவசரக் கல்யாணம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கைக்குழந்தையோடு இன்னொரு மகனும் இருந்தான். தனி ஆளாக அங்கே உலை வைக்க முடியாது.

உலையில் வெந்தது பெரும்பாலும் மக்காச்சோளம். அதை மீன் உரமிட்டு நட, அந்தப் பகுதியின் பூர்வகுடியான டிஸ்குவாண்டம் கற்றுக்கொடுத்தார். ஆலை வருமுன் உரலில் இடித்துக் கூழாக்கினார்கள்.

ஆரம்பத்தில் விளைச்சல் எல்லாருக்கும் பொது. பிற ஆண்களுக்கும் சமைத்து, துணி துவைக்க வேண்டியிருந்ததை மனைவிமார் அடிமைத்தனமாகவே கருதினார்கள் என்று ஆளுநர் பிராட்ஃபோர்டு எழுதியிருக்கிறார். அவர்கள் கோபம் முழுக்க நியாயம். 1623இல் குடும்பத்துக்கு ஒரு துண்டு நிலம் ஒதுக்கியதும், பெண்களே குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு சோளம் நடப் போனார்கள்.