வீட்டில் கலக்கக்கூடிய வண்ணப் பழச்சோடா: செய்முறையும் சில கவனங்களும்

வடக்கிலும் கிழக்கிலும் இப்போது திருமண மண்டபத்துக்குள் நுழைந்தால் முதலில் கையில் தரப்படுவது ஒரு வண்ணப் பானம். அடியில் சிவப்பு, நடுவில் மஞ்சள், மேலே நுரை. 'வெல்கம் ட்ரிங்க்' என்கிறார்கள். யாழ்ப்பாண நகரத்துக் கபேக்களில் இதே பானம் 'மொக்ரெயில்' என்ற பெயரில் விற்பனையாகிறது. பெரும்பாலும் அதில் இருப்பது போத்தலில் வாங்கிய சாயப்பாணியும் சோடாவும்தான். வளவில் காய்க்கும் பழத்தையும் வேலியில் பூக்கும் பூவையும் வைத்து இதைவிட நல்லதை வீட்டிலேயே செய்யலாம்.

போரால் பாதிக்கப்பட்ட குடும்பங்களைச் சந்தித்து எழுதுவது என் தொழிலின் ஒரு பகுதி. இப்படியான செய்தியாளர் ஒருவர் குளிர்பானச் செய்முறை எழுதுவது ஏன் என்று சிலர் கேட்கலாம். விசேஷ நாட்களில் பல வீடுகளில் நான் கண்டது ஒன்றுதான். ஆண்கள் போத்தலோடு வீட்டின் பின்பக்கம் போய்விடுகிறார்கள். பெண்கள் குசினியில் நிற்கிறார்கள். பிள்ளைகளுக்குக் கடைச் சோடா. காயத்துக்கோ வலிப்புக்கோ மன அழுத்தத்துக்கோ மருந்து எடுப்பவர்களும் குடியை விட்டவர்களும் எந்தப் பக்கம் இருப்பது என்று தெரியாமல் நேரத்தோடே புறப்பட்டுவிடுகிறார்கள். சிலர் குடியை விட்டதோடு விசேஷங்களுக்குப் போவதையும் விட்டுவிடுகிறார்கள். எல்லோரும் ஒரே ஜாடியிலிருந்து ஊற்றிக் குடிக்கக்கூடிய, பார்க்கவும் அழகான ஒரு பானம் இருந்தால் அவர்களுக்கும் மேசையில் இடம் இருக்கும்.

பெயர் வந்த வழி

'கொக்ரெயில்' என்ற சொல்லுக்கு அச்சில் முதன்முதலாக விளக்கம் தரப்பட்டது 1806இல், அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலப் பத்திரிகை ஒன்றில். மது, சீனி, தண்ணீர், கசப்புச் சாறு நான்கும் சேர்ந்தது என்று அது சொன்னது. அதற்கும் முந்தியது 'பஞ்ச்'. மது, சீனி, புளிப்பு, தண்ணீர், வாசனைப் பொருள் என ஐந்து சேர்வதால், 'ஐந்து' என்று பொருள்படும் இந்தியச் சொல்லிலிருந்து அந்தப் பெயர் வந்தது என்று பலரும் சொல்வார்கள். அந்தக் காலப் பஞ்சில் ஊற்றப்பட்ட மதுக்களில் ஆசியக் கரைகளிலிருந்து கப்பலேறிய சாராயமும் ஒன்று.

தண்ணீருக்குள் வாயுவை ஏற்றும் வழியை 1767இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜோசப் பிரீஸ்ட்லி கண்டறிந்தார். பியர் புளிக்கும் தொட்டிக்கு மேல் தேங்கி நின்ற காபனீரொட்சைட்டை அவர் தண்ணீரில் கலந்தார். எங்கள் ஊரில் இதே வேலையைப் பனை பல தலைமுறைகளாகச் செய்துவருகிறது. முட்டியில் இறங்கிய பாளைச்சாற்றை நுண்ணுயிர்கள் சில மணித்தியாலங்களில் நுரைக்கும் கள்ளாக மாற்றிவிடும். முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசினால் புளிப்பு தடைபட்டு, கருப்பநீராக இனிப்போடு நிற்கும். நுரை, இனிப்பு, புளிப்பு மூன்றும் சேர்ந்த பானம் எங்களுக்குப் புதிதல்ல.

தேவையானவை

கீழே உள்ள பாணி பத்துக் கிளாஸுக்குப் போதும்.

சிவப்புப் பாணிக்கு: ஒற்றையடுக்குச் சிவப்புச் செவ்வரத்தம்பூ 12, சீனி 200 கிராம், தண்ணீர் 200 மில்லிலீற்றர், தேசிக்காய்ச் சாறு ஒரு மேசைக்கரண்டி.

நீல ஐஸுக்கு: நீலச் சங்குப்பூ 15 முதல் 20 வரை, சுடுநீர் 250 மில்லிலீற்றர்.

ஒரு கிளாஸுக்கு: சிவப்புப் பாணி இரண்டு மேசைக்கரண்டி, வடித்த அன்னாசி அல்லது கொடித்தோடைச் சாறு 60 மில்லிலீற்றர், தேசிக்காய்ச் சாறு ஒரு தேக்கரண்டி, நன்றாகக் குளிர்ந்த வெறும் சோடா 150 மில்லிலீற்றர், ஐஸ்.

கொடித்தோடை நல்ல புளிப்பு. அதைத் தனியாகப் பாவித்தால் தேசிக்காய் வேண்டாம். அன்னாசியும் கொடித்தோடையும் சரிபாதியாகக் கலந்தால் மணமும் நிறமும் நன்றாக வரும். செவ்வரத்தை இல்லாவிட்டால் மாதுளைச் சாற்றிலோ கறுத்த முந்திரிகைப் பழச் சாற்றிலோ பாணி காய்ச்சலாம். கர்ப்பிணிகளுக்குக் கொடுப்பதானால் பூக்களைத் தவிர்த்து மாதுளையைப் பாவிப்பது நல்லது. மருந்தடித்த தோட்டத்துப் பூவும் வீதியோரத் தூசி படிந்த பூவும் வேண்டாம்.

செய்முறை

முதலில் பாணி. செவ்வரத்தையின் பச்சைக் காம்பையும் மகரந்தத் தண்டையும் நீக்கி, இதழ்களை மட்டும் கழுவி எடுங்கள். தண்ணீர் கொதித்ததும் அடுப்பை நிறுத்தி இதழ்களைப் போட்டுப் பத்து நிமிடம் மூடி வையுங்கள். வடித்தால் தண்ணீர் ஊதாவாக இருக்கும். சீனியைச் சேர்த்துக் கரையும்வரை மட்டும் சூடாக்கி ஆறவிடுங்கள். தேசிக்காய்ச் சாற்றை விட்டதும் ஊதா நல்ல சிவப்பாக மாறும். சுத்தமான போத்தலில் அடைத்துக் குளிரில் வைத்தால் ஒரு கிழமைக்குப் பாவிக்கலாம்.

அடுத்து நீல ஐஸ். சங்குப்பூக்களைச் சுடுநீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு வடியுங்கள். கடும் நீலத் தண்ணீர் கிடைக்கும். ஆறியதும் ஐஸ் தட்டில் ஊற்றி உறையவிடுங்கள். இதில் தேசிக்காய் விடக்கூடாது.

இனிக் கிளாஸில் அடுக்குவது. உயரமான கண்ணாடிக் கிளாஸின் அடியில் பாணியை ஊற்றுங்கள். அரைக் கிளாஸ் அளவுக்கு வெறும் ஐஸ் போடுங்கள். பழச்சாற்றையும் தேசிக்காய்ச் சாற்றையும் கலந்து, ஐஸின் மேல் மெதுவாக விடுங்கள். பிறகு கிளாஸைச் சற்றுச் சரித்து, உட்சுவரோடு வழியும்படி சோடாவை ஊற்றுங்கள். கடைசியாக இரண்டு நீல ஐஸ் கட்டிகளை மேலே விடுங்கள். அவை உருக உருக நீலம் ஊதாவாக மாறிக் கீழே இறங்கும். பிள்ளைகள் இதைப் பார்ப்பதற்காகவே இன்னொரு கிளாஸ் கேட்பார்கள். குடிக்கும்போது ஒருதடவை கலக்கினால் போதும்.

ஏன் இந்த ஒழுங்கு?

அடுக்குகள் கலக்காமல் நிற்பது அடர்த்தியால்தான். சீனிப்பாணி தண்ணீரைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அடர்த்தி கூடியது. பழச்சாறு அதைவிடக் குறைவு. சோடா தண்ணீரோடு ஏறக்குறையச் சமம். பாரமானதை முதலிலும் இலேசானதைக் கடைசியிலும் ஊற்றினால் அடுக்கு தானாக நிற்கும்.

நிறம் மாறுவதற்குக் காரணம் அந்தோசயனின் என்ற தாவரச் சாயம். புளிப்பு ஏற ஏற அது நீலத்திலிருந்து ஊதாவுக்கும் சிவப்புக்கும் போகும். பாடசாலையில் பாசிச்சாயத் தாளில் செய்த பரிசோதனைதான் இது. வீட்டில் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளை இருந்தால் இந்த வேலையை அவரிடமே கொடுங்கள்.

நுரை நிற்பது குளிரைப் பொறுத்தது. சாதாரண அமுக்கத்தில் ஒரு லீற்றர் தண்ணீர் 5 பாகையில் ஏறக்குறைய 1.4 லீற்றர் காபனீரொட்சைட்டைப் பிடித்து வைக்கும். 30 பாகையில் அதில் பாதிகூட நிற்காது. எங்கள் வெயிலில் திறந்து வைத்த சோடா சப்பென்று போவது இதனால்தான். சோடா, பாணி, சாறு, கிளாஸ் நான்கும் குளிர்ந்திருக்க வேண்டும். சாற்றில் சக்கை இருந்தால் அதைச் சுற்றிக் குமிழிகள் உருவாகி வாயு வேகமாக வெளியேறும். வடிக்கச் சொன்னது அதற்காகத்தான்.

குளிர்சாதனப்பெட்டி இல்லாத வீடுகளிலும் இதைச் செய்யலாம். 1990இல் குடாநாட்டில் மின்சாரம் நின்றுபோனது. எனக்கு நினைவு தெரிந்த நாளில் எங்கள் வீட்டுக் குளிர்சாதனப்பெட்டிக்குள் புத்தகங்கள்தான் இருந்தன. தண்ணீர் குளிர்ந்தது மண்பானையில். அதே முறை இன்றைக்கும் உதவும். சோடாப் போத்தலை ஈரத்துணியால் சுற்றிக் காற்றோட்டமான நிழலில் வைத்து, துணி காயும்போதெல்லாம் நனையுங்கள். நீர் ஆவியாகும்போது வெப்பத்தையும் கொண்டுபோகும். நீல ஐஸுக்குப் பதிலாக, பானையில் குளிர்ந்த சங்குப்பூத் தண்ணீரைக் கரண்டியின் முதுகுப்பக்கத்தில் வழியவிட்டு மேலே ஊற்றுங்கள். சீனி இல்லாததால் அது மிதக்கும்.

ஐஸ் வாங்குவதானால் குடிப்பதற்கென்று செய்த ஐஸாக இருக்கட்டும். மீனுக்குப் போடும் பார் ஐஸை உடைத்துப் பானத்தில் போடக்கூடாது. வீட்டில் உறைய வைக்கும் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றியே பாவியுங்கள். உறைவதால் கிருமிகள் எல்லாம் சாவதில்லை.

சோடா கிடைக்காவிட்டால்

அப்பச்சோடாவும் தேசிக்காயும் சேர்ந்தால் நுரைக்கும். ஒரு கிளாஸுக்குக் கால் தேக்கரண்டி அப்பச்சோடா, இரண்டு மேசைக்கரண்டி தேசிக்காய்ச் சாறு. உடனே குடிக்க வேண்டும். சற்று உப்புச் சுவை இருக்கும். அந்தக் கால் தேக்கரண்டியில் மட்டும் 300 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் இருக்கிறது. ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராமுக்குக் கீழ் என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுறுத்தல். இரத்த அழுத்தம், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு இந்த முறை வேண்டாம்.

இன்னொரு வழி, இஞ்சியையும் சீனியையும் தண்ணீரில் சில நாட்கள் புளிக்கவிட்டு நுரை எடுப்பது. இதில் இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும். புளிக்கும்போது சிறிதளவு மதுவும் உண்டாகும். ஆகவே குடியை விட்டவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இது ஏற்றதல்ல. மற்றது, அடைத்த கண்ணாடிப் போத்தல் அமுக்கம் கூடி வெடிக்கும். கண்ணாடித் துண்டு காயப்படுத்தும் என்பது ஒரு பக்கம். சாமத்தில் வீட்டுக்குள் ஒரு வெடிச்சத்தம் கேட்டால் எங்களில் எத்தனை பேருக்கு அதன்பிறகு நித்திரை வரும் என்பது மற்றப் பக்கம். புளிக்கவிடத்தான் வேண்டுமென்றால் பிளாஸ்ரிக் போத்தலில் விட்டு, நாளுக்கு இரண்டு தடவை மூடியைத் தளர்த்துங்கள். கடைச் சோடாவையும் மூடியை மெதுவாகத் திருகித் திறப்பது நல்ல பழக்கம்.

சீனி எவ்வளவு?

மேலே சொன்ன ஒரு கிளாஸில் பாணியும் பழமும் சேர்ந்து ஏறக்குறைய 25 கிராம் சீனி இருக்கும். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு நல்லது என்று சொல்லும் அளவே ஏறத்தாழ அவ்வளவுதான். இலங்கையில் 2016 முதல் குளிர்பானப் போத்தல்களில் சீனிக்கு நிறக்குறி இருக்கிறது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் போனால் சிவப்பு. எங்கள் கலவை அதற்குச் சற்றுக் கீழேதான் நிற்கிறது. ஆகவே இது விசேஷ நாளுக்கு மட்டும்.

நீரிழிவு உள்ளவர்களுக்குப் பாணியையும் சாற்றையும் விட்டுவிடுங்கள். நசுக்கிய இஞ்சி, தேசிக்காய், ஒரு சிட்டிகை உப்பு, புதினா இலை, ஊறிய கசகசா, சோடா, மேலே நீல ஐஸ். அதே கிளாஸ், அதே நிறமாற்றம். தனியாக ஒரு வெறுந்தேத்தண்ணியோடு ஒதுங்கி இருக்க வேண்டியதில்லை.

மது சேர்க்கலாமா?

கொக்ரெயில் என்றாலே மது சேர்ந்ததுதான். சேர்ப்பவர்கள் சேர்ப்பார்கள் என்பதால் தெரிந்திருக்க வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு மது விற்க முடியாது. 33.5 வீதச் சாராயம் 50 மில்லிலீற்றரில் ஏறக்குறைய 13 கிராம் மதுசாரம் இருக்கிறது. இனிப்பும் பழமும் அதன் காரத்தை மறைத்துவிடும். எத்தனை குடித்தோம் என்ற கணக்குத் தவறுவது இப்படியான கலவையில்தான். வாயு சேர்ந்தால் மது இரத்தத்தில் இன்னும் விரைவாகச் சேரலாம் என்று சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

நித்திரைக் குளிசை, கடும் வலிநிவாரணி, வலிப்பு மருந்து, மனநல மருந்து எடுப்பவர்களுக்கு மது ஆபத்தானது. நித்திரைக் குளிசையோடும் கடும் வலிநிவாரணியோடும் சேர்ந்தால் மூச்சே தளர்ந்துபோகக்கூடும். ஷெல் காயத்தின் வலிக்காக இன்றும் குளிசை எடுப்பவர்கள் எங்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். விருந்துக்காக ஒரு நாள் மருந்தை நிறுத்துவதும் சரியான வழி அல்ல. வலிப்பு மருந்தை அப்படி நிறுத்தினால் வலிப்பே வந்துவிடலாம். கசிப்பை எந்தப் பழச்சாற்றோடும் கலக்க வேண்டாம். அதில் மெதனோல் இருந்தால் கண்பார்வையும் உயிரும் போகும். தேசிக்காயோ சோடாவோ அதை முறிக்காது.

ஒரு விதியை மட்டும் வீட்டில் கட்டாயமாக வையுங்கள். பொது ஜாடியில் ஒருபோதும் மதுவை ஊற்றக்கூடாது. சேர்க்க விரும்புபவர் தன் கிளாஸில் மட்டும் அளந்து சேர்க்கட்டும். நிறத்தைப் பார்த்து எது எது என்று கண்டுபிடிக்க முடியாது. பிள்ளையோ மருந்து எடுக்கும் அம்மாவோ தெரியாமல் எடுத்துக் குடித்துவிடக்கூடும்.

இருபது பேருக்கு

பாணிக்குச் சீனி 400 கிராம், தண்ணீர் 400 மில்லிலீற்றர், செவ்வரத்தை 24. பழச்சாறு 1.2 லீற்றர். சோடா 3 லீற்றர். தேசிக்காய் எட்டு இருந்தால் பாணிக்கும் கிளாஸுக்கும் சேர்த்துப் போதும். ஐஸ் 3 கிலோ. பாணியையும் நீல ஐஸையும் முதல் நாளே செய்து வைக்கலாம். பழத்தை அன்று காலையில் பிழியுங்கள். சோடாவை ஆட்கள் வந்து இருந்த பிறகு மட்டும் உடையுங்கள். சீனி சேர்க்காத ஜாடி ஒன்றைத் தனியாக வைத்து, 'சீனி இல்லை' என்று ஒரு துண்டில் எழுதி ஒட்டிவிடுங்கள்.