‘92-லயே வரல, இப்பவா வரப்போவுது?’: வெள்ளம் வாசலுக்கு வந்தாலும் மூளை ஏன் நம்ப மறுக்கிறது?

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் விடாமல் மழை கொட்டியது. மறுநாள் காலை கணக்குப் பார்த்தபோது காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை. திருச்செந்தூரில் 69 செ.மீ. வழக்கமாக ஒரு வருஷம் முழுக்கப் பெய்கிற மழை, ஒரே நாளில்!

தாமிரபரணி கரை தாண்டியது. நெல்லை ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டும், கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் வளாகமும் தண்ணீரில் தத்தளித்தன. செந்தூர் எக்ஸ்பிரஸில் வந்த சுமார் 800 பயணிகள் ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கிக்கொண்டார்கள்.

"92-ல வந்த வெள்ளமே நம்ம வாசப்படிய தொடல அண்ணாச்சி, இதுவா வரப்போவுது?" ஆற்றங்கரைத் தெருக்களில் இந்தப் பேச்சு புதிதல்ல. சொல்பவர் விவரம் தெரியாதவரும் அல்ல. அப்படியானால் அவரை அப்படிப் பேசவைப்பது எது? மூளை முடிவெடுக்கும் விதம்தான். இதை ‘காக்னிட்டிவ் பயாஸ்’ என்கிறார்கள். தமிழில் ‘சிந்தனைச் சாய்வு’ எனலாம். அது எப்படி வேலை செய்கிறது? பார்க்கலாம்.

மூளைக்கு ஏன் குறுக்குவழி?

உடல் எடையில் மூளையின் பங்கு சுமார் 2 சதவீதம்தான். ஆனால், உடல் ஓய்வாக இருக்கும்போது செலவாகும் ஆற்றலில் சுமார் 20 சதவீதத்தை அதுவே எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு விஷயத்தையும் முதலிலிருந்து யோசிக்க நேரமும் இல்லை, தெம்பும் இல்லை. அதனால் பழைய அனுபவத்தை வைத்து, "அடுத்து இதுதான் நடக்கும்" என்று சட்டென ஊகித்துவிடுகிறது.

உளவியலாளர்கள் டேனியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி இருவரும் 1974-ல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரை இந்தக் குறுக்குவழிகளை உலகத்துக்குக் காட்டியது. கானமனுக்கு 2002-ல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது.

குறுக்குவழி என்றாலே தப்பு என்று அர்த்தமில்லை. பெரும்பாலான நாட்களில் அது சரியாகவே வழிகாட்டும் என்று வாதிடுகிறார் ஜெர்மன் உளவியலாளர் கெர்ட் கிகெரென்சர். நேற்று வரை பார்க்காத ஒன்று இன்று வரும்போதுதான் சிக்கல்.

1. நங்கூரம்: ‘92’ என்ற அளவுகோல்

கானமனும் ட்வெர்ஸ்கியும் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு சக்கரத்தைச் சுற்றிவிட்டு, பிறகு "ஐ.நா.வில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம்?" என்று கேட்டார்கள். சக்கரம் 10-ல் நின்றதைப் பார்த்தவர்கள் நடுவாக 25 என்றார்கள். 65-ல் நின்றதைப் பார்த்தவர்கள் 45 என்றார்கள். சம்பந்தமே இல்லாத எண்தான். ஆனாலும் மூளை அதைப் பிடித்துக்கொண்டது.

நெல்லைக்கு அந்த எண் 1992. அந்த நவம்பரில் அணைகள் நிரம்பி, ஆற்றில் வந்த வெள்ளத்தை நேரில் பார்த்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அதுதான் ‘உச்சம்’ என்று மனசில் பதிந்துவிட்டது. "அணையில எத்தன அடி?" என்பதுதான் இங்கே முதல் கேள்வி. பாபநாசம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால், 2023-ல் மலையில் மட்டுமல்ல, சமவெளியிலும் மழை கொட்டியது. குளங்கள் உடைந்தன. அணை அளவை மட்டும் பார்த்தவருக்கு அந்தத் தண்ணீர் கணக்கிலேயே வராது.

2. தப்பித்த அனுபவம் தரும் தைரியம்

ஆற்றுக்குள்ளேயே இருக்கும் குறுக்குத்துறை முருகன் கோயில், பெருவெள்ளம் வந்தால் மூழ்கும். உற்சவரை மேலக்கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். தண்ணீர் வடிந்ததும் பழையபடி பூஜை நடக்கும். தலைமுறை தலைமுறையாகப் பார்த்த காட்சி இது. "வரும், போயிரும்" என்று மூளை இதிலிருந்து ஒரு பாடம் எடுத்துக்கொள்கிறது.

எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தை வைத்தே மூளை கற்கிறது. டோபமைன் செல்கள் இந்த வித்தியாசத்துக்குத்தான் சிக்னல் கொடுக்கின்றன. எச்சரிக்கை வந்தது, கிளம்பவில்லை, ஒன்றும் ஆகவில்லை. இப்படி ஐந்து முறை நடந்தால், "கிளம்பாததே சரி" என்று பதிவாகிவிடும். அதிர்ஷ்டத்தில் தப்பித்தோம் என்பது பதிவாகாது. அமெரிக்காவில் சூறாவளியில் மயிரிழையில் தப்பியவர்களைப் பற்றிய ஆய்வுகளும் இதையேதான் சொல்கின்றன.

3. ‘புயலே இல்லையே!’

வெள்ளம் என்றால் மூளையில் ஒரு படம் இருக்கிறது. புயல் உருவாகும், அதற்கு ஒரு பெயர் இருக்கும், எங்கே கரையைக் கடக்கும் என்று டிவியில் வரைபடம் ஓடும். 2023 டிசம்பர் தொடக்கத்தில் ‘மிக்ஜாம்’ புயலோடு சென்னை மூழ்கியதை எல்லோரும் பார்த்திருந்தோம்.

இரண்டு வாரம் கழித்து தெற்கே வந்த மழைக்குப் பெயரே இல்லை. குமரிக்கடல் பகுதியில் நிலவிய வளிமண்டல மேலடுக்கு சுழற்சி அது. கேட்டால் பயம் வருகிற வார்த்தையா? மனப்படத்தோடு ஒத்துப்போனால் ஆபத்து, ஒத்துப்போகாவிட்டால் சாதா மழை என்று பிரிக்கும் பழக்கம் மூளைக்கு உண்டு.

4. ‘பக்கத்து வீட்டுக்காரங்க கிளம்பலையே’

1968-ல் லடானே, டார்லி என்ற இரு உளவியலாளர்கள் ஓர் அறைக்குள் புகையை விட்டுப் பார்த்தார்கள். அறையில் தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் வெளியே வந்து தகவல் சொன்னார்கள். கூடவே, புகையைக் கண்டுகொள்ளாமல் நடிக்கும் இருவரை உட்காரவைத்தபோது, 10 சதவீதம் பேர்தான் சொன்னார்கள். மற்றவர்கள் புகைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள்.

தெருவிலும் இதே கதைதான். நீங்கள் பக்கத்து வீட்டைப் பார்க்கிறீர்கள், அவர் உங்களைப் பார்க்கிறார், இரண்டு பேருமே கிளம்பவில்லை.

5. ‘எல்லாத்தையும் விட்டுட்டு எப்படிப் போறது?’

ஆடு, மாடு, பைக், மோட்டார், பத்திரம், அரிசி மூட்டை. இழப்பின் வலி, அதே அளவு லாபத்தின் சந்தோஷத்தைவிட சுமார் இரண்டு மடங்கு கனமானது என்று கணக்கிட்டார்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும். கண் முன்னால் இருக்கும் பொருளை விடுவது நிச்சயமான இழப்பு. உயிருக்கு ஆபத்து என்பதோ ‘ஒருவேளை’தான். மூளை நிச்சய இழப்பைத் தவிர்க்கப் பார்க்கிறது, பெரிய ஆபத்தோடு சூதாடுகிறது.

மூளைக்குள் என்ன நடக்கிறது?

2006-ல் லண்டனில் நடந்த ஒரு ஆய்வு இதை ஸ்கேன் மூலம் பார்த்தது. 20 பேரிடம் 50 பவுண்டைக் காட்டி, "20 பவுண்ட் உங்களுக்கு" என்றும், "30 பவுண்ட் போய்விடும்" என்றும் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். கணக்கு ஒன்றுதான். ஆனால், ‘போய்விடும்’ என்று கேட்டபோது அதிகம் சூதாடினார்கள்.

அப்படி வார்த்தையின் போக்கில் போனபோது, உணர்ச்சியோடு தொடர்புடைய ‘அமிக்டலா’ பகுதி சுறுசுறுப்பாக இருந்தது. நெற்றிக்குப் பின்னால், கண் குழிக்கு மேலே உள்ள முன்மூளைப் பகுதி அதிகம் வேலை செய்தவர்கள் குறைவாக ஏமாந்தார்கள். ஆனால் அவர்களுக்கும் அமிக்டலா சும்மா இருக்கவில்லை. அதாவது, சாய்வு எல்லோருக்கும் உண்டு. அதைத் தடுத்து நிறுத்தும் திறமையில்தான் வித்தியாசம். ‘சாய்வு மையம்’ என்று தனியாக ஒரு இடம் மூளையில் கிடையாது.

‘அப்பவே தெரியும்’ என்பதும் சாய்வுதான்

வெள்ளம் வடிந்த பிறகு, "இது வரும்னு அப்பவே தெரியும், ஏன் கிளம்பல?" என்று கேட்பது சுலபம். முடிவு தெரிந்ததும் பழைய நினைவையே மூளை திருத்தி எழுதிவிடுகிறது. பாதிக்கப்பட்டவர்களைக் குறை சொல்லும் முன் இதை யோசிக்க வேண்டும். போக வண்டி இருந்ததா, எச்சரிக்கை சரியான நேரத்தில் வந்ததா, கரைகள் பலமாக இருந்தனவா என்பதும் முக்கியம். எல்லாப் பழியையும் மூளை மேல் போட முடியாது.

என்ன செய்யலாம்?

• முன்கூட்டியே முடிவு: "தண்ணி இந்தத் தெருமுனைக்கு வந்தா கிளம்புறோம்" என்று வெயில் காலத்திலேயே வீட்டில் பேசி வையுங்கள். பதற்றத்தில் யோசிக்க வேண்டியதில்லை.

• கேள்வியை மாற்றுங்கள்: "92-ல வந்துச்சா?" என்று கேட்காதீர்கள். "92-ஐ விட அதிகமா வந்தா என்ன செய்வோம்?" என்று கேளுங்கள்.

• பை தயார்: பத்திரம், ஆதார், மருந்து, சார்ஜர் ஒரே பையில் இருந்தால் விட்டுப்போகும் பயம் குறையும். கால்நடைகளை எந்த மேட்டுக்கு ஓட்டிப்போவது என்பதையும் முடிவு செய்துகொள்ளுங்கள்.

• முதல் ஆளாகக் கிளம்புங்கள்: ஒரு வீடு பூட்டப்பட்டால், அடுத்த வீடு யோசிக்கத் தொடங்கும்.

• விசாரிக்க: மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை எண் 1070.

இன்னொரு விஷயம். 2023 வெள்ளத்துக்குப் பிறகு புதிய நங்கூரம் வந்துவிட்டது. "23-லயே இங்க வரைக்கும்தான் வந்துச்சு" என்று இனி யாராவது சுவரில் கோட்டைக் காட்டினால், அந்தக் கோட்டுக்கு மேலேயும் தண்ணீர் வரலாம் என்பதை அவர்களுக்குச் சொல்லுங்கள்.