அரண்மனை வாசலும் நேரச் சீட்டும்



கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் பகுதிக்கு எதிரே, கிள்ளான் ஆற்றைப் பார்த்தபடி ஒரு மேட்டின் மேல் பழைய இஸ்தானா நெகாரா நிற்கிறது. தோட்டங்களிலிருந்து தலைநகரைப் பார்க்க வந்த நம் குடும்பங்களில் பல, அந்த அரண்மனையின் இரும்பு வாயிலருகே குதிரைமேல் அமர்ந்திருந்த காவல் வீரரின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டதுண்டு. அந்தப் படங்கள் இன்றும் பல வீடுகளின் சுவரில் தொங்குகின்றன. ஆனால் படத்தில் இருப்பவர்கள் எல்லாரும் வாயிலுக்கு வெளியேதான் நின்றார்கள். உள்ளே என்ன இருந்தது என்பது நமக்குத் தெரியாது.

அந்தக் கட்டடத்தின் கதை சுவையானது. அது அரசருக்காகக் கட்டப்பட்டதே அன்று. சான் விங் என்னும் ஈயச் சுரங்க முதலாளி 1928-இல் தம் குடும்பத்துக்காகக் கட்டிய மாளிகை அது. ஜப்பானியர் ஆட்சியில், 1942 முதல் 1945 வரை, அவர்களுடைய படை அதிகாரிகள் அதைப் பயன்படுத்தினர். போருக்குப் பின் அது சிலாங்கூர் சுல்தானின் இருப்பிடமாயிற்று. 1957-இல் நாடு விடுதலை பெற்றபோது மாமன்னரின் அரண்மனையாயிற்று. 2011-இல் புதிய அரண்மனைக்கு மாமன்னர் குடிபெயர்ந்தார். 2013-இல் பழைய மாளிகை அரச அரும்பொருளகமாகப் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வாயிலில் நின்றவர்கள், சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே காலடி வைத்தார்கள்.

உலகெங்கும் இதே கதைதான். பிரான்சில் மன்னராட்சி வீழ்ந்தபின், பாரிஸ் நகரின் லூவர் அரண்மனை 1793-இல் மக்களுக்குரிய அரும்பொருளகமாகத் திறக்கப்பட்டது. சீனத்தின் கடைசிப் பேரரசர் 1924-இல் வெளியேற்றப்பட்டபின், பீக்கிங் நகரின் தடைசெய்யப்பட்ட அரண்மனை 1925-இல் மக்களுக்குத் திறந்தது. பெயரே தடைசெய்யப்பட்ட நகரம்! குடிமகன் நுழையக் கூடாது என்று கட்டிய இடத்துக்கு, 2012 அக்டோபர் 2-ஆம் நாள் ஒரே நாளில் ஏறத்தாழ 1,82,000 பேர் வந்தார்கள்.

இங்கேதான் புதிய சிக்கல் பிறக்கிறது. அரண்மனை என்பது ஓர் அரச குடும்பத்துக்கும் ஏவலர்க்கும் கட்டியது. கூட்டம் கூட்டமாக மக்கள் நுழைந்தால் படி தேயும். கை பட்டுப் பட்டுச் சுவர் மங்கும். மூச்சுக் காற்றின் ஈரம் பழைய சாந்து வேலைப்பாட்டைக் கெடுக்கும். கூட்டம் நெருக்கினால் குழந்தைகளுக்கும் முதியோருக்கும் ஆபத்து. திறந்து வைத்தால் கட்டடம் கெடும். மூடி வைத்தால் மக்களுக்குப் பயனில்லை. என்ன செய்வது?

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மண்டபத்தில் ஒரு வேளைக்கு 100 பேர் நெரிசலின்றி நிற்கலாம் என்று கொள்வோம். ஒருவர் சுற்றிப் பார்க்க அரைமணி பிடிக்கும். அப்படியானால் ஒரு மணிக்கு 200 பேர். எட்டு மணி நேரத்தில் 1,600 பேர். இந்த 1,600 பேரும் காலை பத்து மணிக்கே வந்து வரிசையில் நின்றால், கடைசி நூறு பேர் ஏழரை மணி நேரம் வெயிலில் காய வேண்டும். அவரவர்க்கு ஓர் அரைமணியைக் குறித்துக் கொடுத்துவிட்டால், யாரும் காய வேண்டியதில்லை. மண்டபம் பெரிதாகவில்லை, காத்திருப்பு மட்டும் குறைந்தது. இதுவே நேரச் சீட்டின் சூட்சுமம்.

இம்முறையை நன்றாகக் காட்டும் இடம் ஸ்பெயின் நாட்டுக் கிரானடா நகரிலுள்ள அல்ஹம்ரா அரண்மனைத் தொகுதி. முஸ்லிம் மன்னர்கள் 13-ஆம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கியது. 1492-இல் கிறிஸ்துவ அரசர் கைக்குப் போனது. அங்கே கோட்டையும் தோட்டமும் பரந்து கிடக்கின்றன. ஆனால் எல்லாரும் காண விரும்புவது சிங்க முற்றம் அமைந்த நஸ்ரிட் அரண்மனைகளைத்தான். ஆகவே அந்த அரண்மனைகளுக்கு மட்டும் சீட்டில் நேரம் குறிக்கிறார்கள். அரைமணிக்கு 300 பேர் என்பது அங்கே வகுத்த அளவு. குறித்த நேரம் தவறினால் நுழைவு இல்லை. சீட்டில் பெயர் இருக்கும். அடையாளப் பத்திரமும் காட்ட வேண்டும். ஆக, அங்கே போகிறவர் முதலில் அரண்மனையின் நேரத்தை உறுதி செய்துகொண்டு, கோட்டையையும் தோட்டத்தையும் அதற்கு முன்னும் பின்னும் வைத்துக்கொள்வதே அறிவு.

ஆக்ராவின் தாஜ்மகாலில் வேறு வழி. 2018 ஏப்ரலில், ஒருவர் மூன்று மணி நேரத்துக்கு மேல் தங்கலாகாது என்று விதி செய்தார்கள். திருப்பதி மலைக்குப் போய் வந்தவர்களுக்கும் நேரம் குறித்த டோக்கன் புதிதன்று. நம் இரட்டைக் கோபுரத்தின் வான்பாலத்துக்கும் நேரம் குறித்தே ஆட்களை விடுகிறார்கள். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பால் வெட்டும் வேளை, பால் எடுக்கும் வேளை என்று மணிக்கணக்கில் வாழ்ந்த பரம்பரை நம்முடையது. நேரத்துக்கு வருவது நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டிய பாடம் அன்று.

ஆனாலும் ஒரு கவலை உண்டு. ஒரு முறை தோட்டத்துப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வேறொரு மாநிலத்திலுள்ள பழைய மாளிகை ஒன்றுக்குப் போனோம். பெற்றோர் மூன்று மாதம் சிறுகச் சிறுகச் சேர்த்த வெள்ளியில் பேருந்து அமர்த்தியிருந்தோம். போய்ச் சேர்ந்தபோது பகல் பன்னிரண்டு. அன்றைய சீட்டு எல்லாம் காலையிலேயே முடிந்துவிட்டது. முன்பதிவு வேண்டும் என்பதைக் கேட்டறியாதது எங்கள் தவறு. நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, "சார், அப்ப நாளைக்கு வரலாமா?" என்று கேட்டாள். நாளைக்கு ஏது பேருந்து? பிள்ளைகளை வாயிலில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு திரும்பினோம். அவர்களுடைய தாத்தா பாட்டி நின்ற அதே இடம், வாயிலுக்கு வெளியே.

அன்று தடுத்தது காவல் வீரர். இன்று தடுப்பது நமக்குத் தெரியாத ஒரு விதி. கணினியும் கடன் அட்டையும் உள்ளவர் வீட்டிலிருந்தே சீட்டு வாங்கிக்கொள்கிறார். இல்லாதவர் வந்து நின்று ஏமாறுகிறார். ஆகவே நேரச் சீட்டை வகுப்போர் சிலவற்றை மறக்கலாகாது. ஒரு பகுதிச் சீட்டை அன்றைக்கு நேரில் வருவோர்க்கு வைக்க வேண்டும். பள்ளிகளுக்குத் தனி நேரம் ஒதுக்க வேண்டும். தொலைவிலிருந்து வரும் பேருந்து சற்றுத் தாமதித்தால் அடுத்த நேரத்தில் சேர்த்துக்கொள்ள இடம் வைக்க வேண்டும். விதியை மக்கள் பேசும் மொழிகளில் அறிவிக்க வேண்டும்.

நம் பங்கும் உண்டு. புறப்படுமுன் மூன்று கேள்வி கேட்போம்: அந்த இடம் இப்போது திறந்திருக்கிறதா? சீட்டு முன்கூட்டியே எடுக்க வேண்டுமா? எத்தனை மணிக்கு வாயிலில் நிற்க வேண்டும்? கணினி தெரிந்த பிள்ளை இன்று தோட்டத்து வீடுகளிலும் இருக்கிறது. அதனிடம் சொன்னால் பார்த்துச் சொல்லும்.

அந்தச் சிறுமியை அடுத்த ஆண்டு மீண்டும் அழைத்துப் போனோம், இம்முறை முன்பதிவு செய்துகொண்டு. எங்கள் நேரம் காலை பத்தரை. ஒன்பதே முக்காலுக்கே வாயிலில் நின்றோம். உள்ளே போனதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "சார், இங்கே படம் எடுக்கலாமா?" என்பதுதான்.