கண்ணீர் தாங்கும் புள்ளி

சீன மருத்துவ மரபு மனித உடலின்மேல் வரைந்துவைத்திருக்கும் பாதைகளுள் இரைப்பைக்குரிய பாதை வயிற்றில் தொடங்குவதில்லை. கண்பாவைக்கு நேர் கீழே, கண்குழி எலும்பின் விளிம்பை ஒட்டி அது தொடங்குகிறது. அந்த முதற்புள்ளிக்குச் சீனர்கள் இட்ட பெயர் செங்ச்சி. கண்ணீரைத் தாங்கும் இடம் என்று பொருள். பெயரில் கவிதை இருப்பினும் பயன்பாடு எளிமையானது. கண்நோய்களுக்கே பெரும்பாலும் அங்கு ஊசி இடப்பட்டது. 1980ஆம் ஆண்டை ஒட்டி, கலிஃபோர்னியாவைச் சேர்ந்த உளவியலாளர் ரோஜர் கலஹன் ஒரு பெண்ணின் கண்ணுக்குக் கீழே விரலால் தட்டியபோது அப்புள்ளிக்கு வேறொரு வாழ்க்கை வாய்த்தது. அச்சத்தையும் பழைய துயரத்தையும் விரல்நுனியால் தட்டிக் கலைத்துவிடலாம் என்னும் நவீன நம்பிக்கை அங்கிருந்துதான் புறப்பட்டது.

அந்தப் பெண்ணை மேரி என்ற பெயரில் கலஹன் தம் நூல்களில் அறிமுகப்படுத்துகிறார். அவருக்குத் தண்ணீர் என்றால் தீராத அச்சம். ஒன்றரை ஆண்டுகள் வழக்கமான முறைகளில் சிகிச்சை அளித்தும் பலன் சொற்பமே. ஒருநாள், தண்ணீரை நினைத்தாலே வயிற்றைப் புரட்டுகிறது என்றார் மேரி. வயிறு என்ற சொல்லைப் பிடித்துக்கொண்ட கலஹன், இரைப்பைப் பாதையின் தொடக்கப்புள்ளியைத் தட்டிப் பார்த்தார். சில நிமிடங்களில் அச்சம் போய்விட்டது என்று கூறிய மேரி, எழுந்து நீச்சல் குளத்தை நோக்கி நடந்தார். இது கலஹன் சொன்ன கதை. அற்புதங்களின் வரலாறு பெரும்பாலும் இத்தகைய ஒற்றை நிகழ்விலிருந்தே தொடங்குகிறது. தொடக்கம் அப்படி அமைந்தது என்பதற்காக ஒன்றைத் தள்ளிவிட முடியாது, ஏற்றுக்கொள்ளவும் முடியாது.

கலஹனுக்கு இப்பாதைகளைக் காட்டியது நேரடியாகச் சீன மரபு அன்று. டெட்ராய்ட் நகரில் முதுகெலும்பைச் சீர்செய்யும் கைரோபிராக்டிக் தொழிலில் இருந்த ஜார்ஜ் குட்ஹார்ட், 1964இல் அப்ளைடு கினிசியாலஜி என்றொரு முறையைத் தொடங்கியிருந்தார். நீட்டிய கையை அழுத்தி, தசையின் வலுவைக் கொண்டு உடலின் உட்கோளாறுகளை அறியலாம் என்பது அதன் கொள்கை. இதைக் கற்ற கலஹன், அதனோடு அக்குபங்சர் பாதைகளையும் உளச்சிகிச்சையையும் இணைத்தார். 1985இல் அச்சத்தை ஐந்தே நிமிடங்களில் போக்கும் வழி என்று ஒரு நூல் எழுதினார். பின்னர் தம் முறைக்குத் தாட் ஃபீல்ட் தெரபி, அதாவது எண்ணப்புலச் சிகிச்சை, என்று பெயரிட்டார். துயரம் எண்ணத்தின் புலத்தில் விழுந்த ஒரு குலைவு. உரிய புள்ளிகளை உரிய வரிசையில் தட்டினால் அக்குலைவு நீங்கும் என்றார்.

வரிசை என்னும் அச்சொல்லில்தான் இந்த வரலாற்றின் முடிச்சு இருக்கிறது. புருவத்தின் தொடக்கம், கண்ணுக்குக் கீழே, அக்குளுக்குக் கீழே, காறையெலும்பின் அடி என்று புள்ளிகள் பல. எதை முதலில் தட்டுவது, எதை அடுத்துத் தட்டுவது என்பதைப் பூட்டின் இரகசிய எண்களைப்போல் கலஹன் கருதினார். அந்த வரிசையை நோயாளியின் குரலிலிருந்தே, தொலைபேசி வழியாகக் கண்டறியும் குரல் தொழில்நுட்பம் ஒன்று தம்மிடம் உள்ளது என்றும் அறிவித்தார். அதைக் கற்றுக்கொள்வதற்கான கட்டணம் ஒரு லட்சம் டாலர். பூட்டு உண்மையானதாக இருந்தால் சாவிக்கு விலை வைப்பதில் வியப்பில்லை.

அவரிடம் பயின்ற கேரி கிரெய்க் வேறு விதமாகச் சிந்தித்தார். ஸ்டான்ஃபோர்டில் பொறியியல் படித்தவர். எல்லாப் புள்ளிகளையும் ஒரு சுற்று தட்டிவிட்டால் வேண்டிய புள்ளி எப்படியும் அதில் அடங்கிவிடுமே, வரிசை எதற்கு என்று கேட்டார். 1990களின் நடுவில் அவர் உருவாக்கிய முறையே ஈ.எஃப்.டி. என்று இன்று பரவலாக அறியப்படுவது. துன்பத்தை மனத்தில் நிறுத்தி, அதற்குப் பூஜ்யம் முதல் பத்து வரை மதிப்பெண் இட்டு, இந்தத் துன்பம் இருந்தபோதிலும் நான் என்னை ஏற்கிறேன் என்னும் பொருள்பட வாய்விட்டுச் சொல்லியபடி புள்ளிகளைத் தட்ட வேண்டும். கையேட்டை கிரெய்க் இலவசமாகவே பரப்பினார். குருவின் சாவியைச் சீடர் எல்லோருக்கும் வாரி வழங்கினார் எனலாம். ஆயினும் சாவியே தேவையில்லை என்று அவர் காட்டியது குருவின் கொள்கைக்கு எத்தனை பெரிய அடி என்பதை இரு தரப்பினரும் அப்போது முழுமையாக உணர்ந்ததாகத் தெரியவில்லை.

1999இல் அமெரிக்க உளவியல் சங்கம், எண்ணப்புலச் சிகிச்சைப் பயிற்சிகளுக்குத் தொடர்கல்வித் தகுதி வழங்கலாகாது என முடிவெடுத்தது. அதே ஆண்டில்தான் கொசோவோவில் போர் ஓய்ந்தது. உறவினர் கொல்லப்படுவதைக் கண்டவர்களும் வன்கொடுமைக்கு உள்ளானவர்களும் நிறைந்த அந்நிலத்திற்கு, கலஹனின் முறையைக் கற்ற கார்ல் ஜான்சன் சென்றார். அவரும் உள்ளூர் மருத்துவர்களும் சேர்ந்து அளித்த அறிக்கையின்படி, 105 பேரிடம் 249 கொடிய நினைவுகளுக்குச் சிகிச்சை தரப்பட்டது. 103 பேரிடம் 247 நினைவுகளின் வேதனை முற்றிலும் நீங்கியது. 2001இல் ஜர்னல் ஆஃப் கிளினிக்கல் சைக்காலஜி என்னும் ஆய்விதழ் இதையும் கலஹன் குழுவினரின் பிற கட்டுரைகளையும் வழக்கமான மதிப்பாய்வுக்கு உட்படுத்தாமலே வெளியிட்டு, உடன் விமர்சனங்களையும் அச்சிட்டது. ஹார்வர்டின் ரிச்சர்ட் மெக்னலி தம் விமர்சனத்தின் தலைப்பிலேயே, நம்ப முடியாததாக இருப்பதால் நம்புகிறேன் என்ற கூற்றுக்குரியவராகக் கருதப்படும் பழைய கிறித்தவச் சிந்தனையாளர் டெர்டுல்லியனை அழைத்து வந்தார்.

விமர்சகர்கள் கேட்டது எளிய கேள்வி. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழு எங்கே? தொலைதூரத்திலிருந்து தேடி வந்த ஒருவர் பரிவோடு எதிரில் அமர்ந்து, வலி குறைந்ததா என்று மீண்டும் மீண்டும் கேட்கும்போது, குறைந்தது என்ற விடையில் தட்டலின் பங்கு எவ்வளவு, பரிவின் பங்கு எவ்வளவு, விருந்தினரை ஏமாற்றமடையச் செய்யலாகாது என்ற பண்பின் பங்கு எவ்வளவு?

இக்கேள்விக்கான விடைகளுள் ஒன்று வெளியிலிருந்து வரவில்லை. மோனிகா பிக்னாட்டி குரல் தொழில்நுட்பம் வரை பயின்ற சிலருள் ஒருவர். 2001இல் அவர் 66 பேரைக் கொண்டு ஒரு சோதனை செய்தார். பாதிப் பேருக்குக் குரல் தொழில்நுட்பம் சொன்ன வரிசை. மீதிப் பாதிக்குக் குருட்டாம்போக்கில் பொறுக்கிய வரிசை. தமக்கு அளிக்கப்படுவது எது என்று அவர்களுக்குத் தெரியாது. இரு குழுக்களிலும் நூற்றுக்கு 97 பேர் துன்பம் முற்றிலும் நீங்கியதாகக் கூறினர். ஒரு லட்சம் டாலர் வரிசைக்கும் வாய்க்கு வந்த வரிசைக்கும் வேறுபாடு இல்லை. பிக்னாட்டி அம்முறையை விட்டு வெளியேறினார். 2005இல் முடிவுகளை வெளியிட்டார். தாம் பல ஆண்டுகள் உழைத்துக் கற்றதைத் தம் கையாலேயே சோதித்து, கிடைத்த முடிவுக்குப் பணிவது அரிய காரியம். தட்டல் சிகிச்சையின் வரலாற்றில் மேரியின் கதையைவிட நினைவில் கொள்ளவேண்டியது இதுதான் என்று தோன்றுகிறது.

அவர் கையாண்ட உத்தி புதியதன்று. 1784இல் பதினாறாம் லூயி மன்னர் அமைத்த குழுவொன்று பாரிசில் இதையே செய்தது. உடலில் ஓடும் காணவியலாத காந்தத் திரவம் தடைப்படுவதே நோய் என்று ஃப்ரான்ட்ஸ் மெஸ்மர் போதித்த காலம் அது. பெஞ்சமின் ஃப்ராங்க்ளினும் வேதியியலாளர் லவாய்சியேவும் குழுவில் இருந்தனர். ஃப்ராங்க்ளினின் பாஸி இல்லத் தோட்டத்தில், மெஸ்மரின் சீடர் டெஸ்லோன் ஒரு மரத்திற்குக் காந்தமேற்றினார். பன்னிரண்டு வயதுச் சிறுவனைக் கண்ணைக் கட்டி மரம் மரமாக அழைத்துச் சென்றனர். காந்தமேற்றாத வேறொரு மரத்தடியில் அவன் மயங்கி விழுந்தான். மயக்கம் மெய், காந்தத் திரவம் பொய். விளைவை மறுக்காமல் காரணத்தை மட்டும் தனியே பிரித்துச் சோதிக்கும் கலை அந்தத் தோட்டத்தில் துலக்கம் பெற்றது.

பதினைந்தாண்டுகள் கழித்து இங்கிலாந்தின் பாத் நகரில் மருத்துவர் ஜான் ஹேகார்த் அதே கலையை இன்னும் கூர்மையாக்கினார். அமெரிக்கரான எலிஷா பெர்கின்ஸ் 1796இல் காப்புரிமை பெற்ற இரு உலோகக் கூர்முனைக் கோல்கள் அப்போது பெரும் விலைக்கு விற்றன. வலியுள்ள இடத்தில் வருடினால் வலி அகலும் என்றார்கள். ஹேகார்த் மரத்தில் கோல்கள் செய்து, உலோகம்போல் வண்ணம் தீட்டி, ஐந்து நோயாளிகளை வருடினார். நால்வருக்கு வலி குறைந்தது. மறுநாள் உண்மையான உலோகக் கோல்களால் வருடியபோதும் ஏறக்குறைய அதே பலன். அவர் இதைப் பித்தலாட்டம் என்று சிரித்துவிட்டுப் போகவில்லை. கற்பனை நோயை உண்டாக்கவும் தீர்க்கவும் வல்லது என்பதையே பொருளாகக் கொண்டு 1800இல் நூல் வெளியிட்டார். கோல் தோற்ற இடத்தில் மனத்தின் வலிமை கண்டறியப்பட்டது.

ஹேகார்த்தின் மரக்கோலுக்கு இணையான ஒன்று ஈ.எஃப்.டி.க்கும் வந்தது. 2003இல் வெயிட், ஹோல்டர் என்னும் இரு ஆய்வாளர்கள், அச்சங்கள் கொண்ட 119 பல்கலைக்கழக மாணவர்களை நான்கு குழுக்களாகப் பிரித்தனர். முதற்குழு முறைப்படி தட்டியது. இரண்டாவது குழு கையில் பொருளற்ற இடங்களில் தட்டியது. மூன்றாவது குழு ஒரு பொம்மையைத் தட்டியது. நான்காவது குழுவுக்குத் தட்டலே இல்லை. காகிதத்தில் விளையாட்டுப் பொருள் செய்தார்கள். தட்டிய மூன்று குழுக்களிலும் அச்சம் குறைந்தது, நான்காவதில் குறையவில்லை. பொம்மையைத் தட்டியவர்களின் விரல்நுனிகளிலும் அக்குபங்சர் புள்ளிகள் உண்டே என்று ஈ.எஃப்.டி. ஆதரவாளர்கள் வாதிட்டனர். உடலின் எந்த மூலையைத் தொட்டாலும் அது ஒரு புள்ளியாகிவிடும் என்றால், புள்ளி என்ற சொல்லுக்கு என்ன பொருள் எஞ்சும்?

அப்படியானால் அச்சம் எதனால் குறைந்தது? ஒரு விடை 1924லேயே கிடைத்துவிட்டது. மேரி கவர் ஜோன்ஸ் என்னும் இளம் ஆய்வாளர், முயலைக் கண்டு அஞ்சிய பீட்டர் என்ற சிறுவனுக்கு விருப்பமான தின்பண்டம் கொடுத்து, அவன் உண்ணும்போது முயலைச் சிறிது சிறிதாக அருகில் கொண்டுவந்தார். இறுதியில் அவன் முயலைத் தொட்டு விளையாடினான். 1958இல் ஜோசஃப் வோல்பே இதை ஒரு சிகிச்சை முறையாக வளர்த்தார். அஞ்சுவதை நினைத்தபடியே உடல் அமைதியாக இருக்கக் கற்றால் அச்சத்தின் பிடி தளர்கிறது. துன்பத்திற்கு மதிப்பெண் இடும் வழக்கமும் அவருடையதே. தட்டல் சிகிச்சையிலும் நடப்பது அதுவாக இருக்கக்கூடும்: துன்பத்தை விலக்காமல் நினைக்கிறோம், பெயரிட்டுச் சொல்கிறோம், கையின் சீரான தாளத்தில் கவனத்தில் ஒரு பகுதியை நிறுத்துகிறோம், எதிரில் ஒருவர் அச்சமின்றி அமர்ந்து கேட்கிறார்.

வழக்கு இத்துடன் முடிந்துவிட்டது என்று சொல்வது நியாயமாகாது. 2013இல் டாசன் சர்ச்சும் அவர் குழுவினரும் போரிலிருந்து திரும்பிய 59 அமெரிக்க வீரர்களிடம் நடத்திய ஆய்வில், ஆறு அமர்வுகளுக்குப் பின் மனக்காயத்தின் அறிகுறிகள் கணிசமாகக் குறைந்தன. ருவாண்டாவில் 1994 இனப்படுகொலையில் தப்பியவர்களிடம் எண்ணப்புலச் சிகிச்சையை நடத்தியவர்களும் நல்ல பலனை அறிவித்தனர். ஆனால் சர்ச்சின் ஆய்விலும், ருவாண்டாவில் பெரியவர்களிடம் நடந்து 2011இல் வெளியான ஆய்விலும் ஒப்பீடு, சிகிச்சைக்குக் காத்திருந்தவர்களுடன்தான். காத்திருப்பதைவிடக் கவனிக்கப்படுவது நல்லது என்பதை அவை காட்டுகின்றன. புள்ளிகளைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2018இல் வெளியிட்ட வழிகாட்டி நெறிகள் ஈ.எஃப்.டி.யைப் பரிந்துரைக்கவில்லை, மேலும் ஆராயப்பட வேண்டியவற்றுள் அதைச் சேர்த்தன. கவனமான நிலைப்பாடு.

விரலால் தட்டிக்கொண்டால் எவருக்கும் தீங்கில்லையே, பிறகு ஏன் இத்தனை விசாரணை என்று கேட்கத் தோன்றலாம். உடனடி நிவாரணம் எப்போதும் தீங்கற்றதன்று. பேரிடர் நேர்ந்த கையோடு ஒரே அமர்வில் அனைத்தையும் பேசவைக்கும் முறை ஒருகாலத்தில் உலகெங்கும் பரவியிருந்தது. பின்னர் வந்த ஆய்வுகள் அது மனக்காயத்தைத் தடுக்கவில்லை என்றும், சிலருக்கு நிலையை மோசமாக்கியிருக்கக்கூடும் என்றும் கண்டன. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் பல நாடுகளிலிருந்து உளநல ஆலோசகர்கள் இலங்கையில் வந்திறங்கியதை ஈத்தன் வாட்டர்ஸ் 2010இல் வெளியான தம் நூலில் விரிவாகப் பதிவுசெய்திருக்கிறார். உளவியலாளர் காயத்ரி ஃபெர்னாண்டோவின் ஆய்வுகளை அவர் சுட்டுகிறார். அம்மக்கள் தம் துயரத்தை உள்ளத்தினுள் நிகழ்ந்த கோளாறாகக் காட்டிலும், குடும்பத்திலும் ஊரிலும் தமக்கிருந்த இடம் அழிந்ததாகவே சொன்னார்கள். தனியொருவரின் உடலில் புள்ளி தேடும் எந்த முறைக்கும் அந்தத் துயரம் எட்டாது.

துன்புறுவோர் கேட்பது நிவாரணம். காரணத்தைப் பற்றிய விளக்கம் அன்று. அதைக் குறைசொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஆனால் நிவாரணம் தருவதாகச் சொல்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது. கண்ணுக்குக் கீழே கைபடும்போது ஒருவர் சற்றே ஆறுதல் கொள்கிறார் என்றால் அந்த ஆறுதல் மெய். அதைச் செய்தது புள்ளியா, தாளமா, அருகிலிருந்த மனிதரா என்று கேட்டுக்கொண்டே இருப்பது மருத்துவரின் கடமை. விடை தெரிந்தால்தான், ஒரு லட்சம் டாலர் இல்லாதவருக்கும் அதை முழுமையாகக் கொடுக்க முடியும்.